காப்பாற்றப்படுவது எது?

நம்மூரில் 'கவுன்சலிங்' என்றால் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது பி.இ. சீட்டுதான். குடும்பச் சிக்கலுக்கும் மனக்கஷ்டத்துக்கும் அதே சொல்லா என்று சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் வரலாறு இந்தக் குழப்பத்தின் பக்கம்தான் நிற்கிறது. 1908இல் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் தொடங்கிய ஆலோசனை அலுவலகம், இளைஞர்களுக்கு எந்தத் தொழில் பொருந்தும் என்று சொல்வதற்காக ஏற்பட்டது. ஆளை ஓர் இடத்தில் பொருத்துவதுதான் இந்தத் தொழிலின் ஆரம்ப காலத்து வேலை. ஆளுக்கேற்ற இடமா, இடத்துக்கேற்ற ஆளா என்கிற சந்தேகம் அன்றிலிருந்து தீரவில்லை.

எனக்கு இந்தச் சந்தேகம் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. தொண்ணூறுகளின் கடைசியில் என் அக்காவோடு ஒரு குடும்ப நீதிமன்றத்துக்குப் போனேன். ஆலோசகர் அறையில் அத்தான், அக்கா, ஆலோசகர். நான் வாசல் பெஞ்சில். கதவைச் சாத்தவில்லை. அக்கா ஏதோ சொல்ல ஆரம்பித்ததும், "அது சரிம்மா, ரெண்டு பிள்ளைங்க இருக்கு. கொஞ்சம் அனுசரிச்சுப் போகக் கூடாதா?" என்ற குரல் கேட்டது. மூன்று தவணையும் இதே வாக்கியம். வெளியே வந்தவளிடம், "அந்தம்மா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குல்லக்கா" என்றேன். அவள் பதில் பேசவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். சமரசம் என்று வழக்கு முடிந்தது. கணக்கில் அது ஒரு வெற்றி.

அந்த வாக்கியத்துக்கு ஒரு வம்சாவளி இருக்கிறது. அதன் ஒரு கிளையைப் பிடித்துப் போனால் லாஸ் ஏஞ்சலஸில் போய் நிற்கும். பால் போப்பனோ என்பவர் 1930இல் அங்கே குடும்ப உறவுகளுக்கான ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அமெரிக்காவில் திருமண ஆலோசனையின் முன்னோடி என்று அவரைச் சொல்கிறார்கள். அவர் மருத்துவர் அல்ல, உளவியலும் படித்தவர் அல்ல. பேரீச்சை வளர்ப்பு பற்றி 1913இல் புத்தகம் எழுதியவர். பிறகு இனமேம்பாட்டுவாதத்துக்கு வந்தார். 'தகுதியற்றவர்கள்' என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்வதை ஆதரித்து 1929இல் ஈ.எஸ். காஸ்னியுடன் சேர்ந்து நூல் வெளியிட்டார். 1933ஆம் ஆண்டின் நாஜிக் கருத்தடைச் சட்டத்தையும் பாராட்டி எழுதினார். தகுதியற்றவர் பெருகக்கூடாது, தகுதியுள்ளவர் பிரியக்கூடாது: இவை இரண்டும் அவருக்கு ஒரே திட்டத்தின் இரண்டு கைகள். திருமண ஆலோசனை அந்த இரண்டாவது கை.

1953இல் ஒரு பெண்கள் பத்திரிகையில் அவர் பெயரோடு ஒரு தொடர் ஆரம்பமானது. இந்தத் திருமணத்தைக் காப்பாற்ற முடியுமா என்பது அதன் தலைப்பு. முதலில் மனைவி பேசுவாள், அடுத்துக் கணவன், கடைசியில் ஆலோசகர். தலைப்பைக் கவனியுங்கள். காப்பாற்ற வேண்டியது திருமணத்தை. அந்தப் பெண்ணைக் காப்பாற்ற முடியுமா என்று தலைப்பு கேட்கவில்லை.

வேறொரு கிளையும் உண்டு. ராச்செஸ்டர் நகரில் குழந்தைகளோடு பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்த கார்ல் ராஜர்ஸ் 1942இல் ஒரு நூல் எழுதினார். வந்தவரை 'நோயாளி' என்று சொல்லவேண்டாம் என்றார். புத்தி சொல்வதை நிறுத்திவிட்டுக் கேட்கச் சொன்னார். வழி வந்தவருக்குத் தெரியும் என்பது அவர் கட்சி. ஒரே சொல்லுக்குள் இப்படி இரண்டு எதிரெதிர் வேலைகள் குடியிருக்கின்றன.

நம் சட்டம் எதை எடுத்துக்கொண்டது? 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் பெண்கள் அமைப்புகளின் கோரிக்கையை ஒட்டி வந்தது. ஆலோசகர்களுக்கு 6ஆம் பிரிவு இடம் கொடுத்தது. ஆனால் நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும்போது, திருமணம் என்கிற நிறுவனத்தைக் காத்துப் பேணும் தேவையில் பற்றுள்ளவரா என்று பார்க்கச் சொல்கிறது 4ஆம் பிரிவு. வழக்கறிஞர் வைத்துக்கொள்வது உரிமையல்ல என்கிறது 13ஆம் பிரிவு. ஆக, அக்கா தனியாக உட்கார்ந்திருந்த அந்த அறையில் நிறுவனம் மட்டும் தன் ஆட்களோடு இருந்தது. அந்த ஆலோசகர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்குக் கொடுத்த வேலையை அவர் செய்தார்.

அந்த நாட்களில் நான் ஃபூக்கோ வாசித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாவசங்கீர்த்தனத்திலிருந்து மருத்துவர் அறைவரை, பேசுகிறவரிடம் இல்லை அதிகாரம், மௌனமாகக் கேட்கிறவரிடம்தான் இருக்கிறது என்று 1976இல் அவர் எழுதியதை நண்பர்களிடம் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். அக்கா விஷயத்தில் அந்தச் சொல்லாடல் எனக்குக் கை கொடுக்கவில்லை. அங்கே யாரும் அவளைப் பேசவைக்கவில்லை, பேசவே விடவில்லை. பேசவைப்பது அதிகாரம் என்றால் பேச்சை முதல் வரியிலேயே வெட்டுவதும் அதிகாரம்தான். இரண்டாவதை நம் வீடுகள் காலங்காலமாகச் செய்துவருகின்றன. அன்று நானும் செய்தேன்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் இதில் ஓர் உடைப்பு. அதற்கான 2006ஆம் ஆண்டு விதிகளின்படி, அடித்ததற்கு நியாயம் கற்பிக்க ஆலோசனையில் கணவனுக்கு இடம் கிடையாது. வன்முறை திரும்ப நடக்காது என்கிற உத்தரவாதம் பெறுவதே முதல் நோக்கம். 'ஏன் அடிச்சாரு, நீ என்ன பண்ணினே?' என்கிற கேள்வியைச் சட்டமே வெளியே நிறுத்தியது. எல்லா அறைகளிலும் நின்றுவிட்டதா என்பது வேறு விஷயம்.

அக்கா பதினோரு வருஷம் அந்த வீட்டில் இருந்துவிட்டு வெளியே வந்தாள். தூக்கம் போய், கை நடுங்க ஆரம்பித்தபோது, தன் சம்பளத்தில் தானே ஓர் ஆலோசகரைத் தேடிப் போனாள். கூட வரட்டுமா என்றேன். "வேண்டாம்டா. நீ வாசல்ல உக்காந்து கேட்டதெல்லாம் போதும்." திரும்பி வந்தவளிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. என்னைச் சொல்லவிட்டாங்க. முக்கால் மணி நேரம் நான் மட்டுந்தான் பேசினேன்."

ஆலோசனைக்குப் போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. போகவேண்டும். 2022இல் தொடங்கிய 14416 என்ற அரசுத் தொலைபேசி எண்ணில் இன்று வீட்டாரைக் கேட்காமலே ஒருவர் பேச்சைத் தொடங்கலாம். ஆனால் அந்த நாற்காலியில் உட்காரும்போது இரண்டு கேள்விகளை நாம் கேட்டுவிடலாம்: நான் சொல்வது இந்த அறையைத் தாண்டி யாரிடம் போகும்? நீங்கள் காப்பாற்ற நினைப்பது என்னையா, என் குடும்பத்தையா? இரண்டும் ஒன்றுதான் என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். அன்று வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.