ஃப்ளானன் தீவின் கலங்கரை விளக்கம்

தொடாமல் கிடந்த உணவு, கவிழ்ந்து கிடந்த நாற்காலி, காணாமல் போன மூன்று பேர். இந்தக் கதையைப் பல வருடங்கள் நானும் இப்படித்தான் சொல்லி வந்தேன். அது தவறு என்று பிறகுதான் தெரிந்தது.

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவுக்கு மேற்கே சுமார் 32 கிலோமீட்டர் தொலைவில், ஆளில்லாத ஃப்ளானன் தீவுகள் இருக்கின்றன. அவற்றில் பெரியதான ஐலன் மோரில் டேவிட் ஸ்டீவன்சன் வடிவமைத்த கலங்கரை விளக்கம் 1899 டிசம்பர் 7 அன்று முதன்முதலாக ஏற்றப்பட்டது.

மறுவருடம் டிசம்பர் 15 இரவு அவ்வழியே சென்ற கப்பல் ஒன்று, விளக்கு எரியாததைக் கவனித்தது. 20ஆம் தேதி போகவேண்டிய ஹெஸ்பெரஸ் என்ற படகு, மோசமான வானிலையால் 26ஆம் தேதிதான் போய்ச் சேர்ந்தது. முதலில் கரையேறியவர் ஜோசப் மூர் என்ற காவலர். கதவு சாத்தியிருந்தது. அடுப்பு அணைந்து பல நாட்கள் ஆகியிருந்தன. கடிகாரம் நின்றிருந்தது. ஜேம்ஸ் டுகாட், தாமஸ் மார்ஷல், டொனால்ட் மெக்ஆர்தர் மூவரையும் காணவில்லை.

சமையல் பாத்திரங்கள் கழுவிச் சுத்தமாக இருந்தன என்றே மூர் எழுதினார். தொடாத உணவும் கவிழ்ந்த நாற்காலியும் 1912இல் வில்ஃப்ரிட் கிப்சன் எழுதிய கவிதையிலிருந்து வந்தவை!

விசாரிக்கச் சென்ற மேற்பார்வையாளர் ராபர்ட் ம்யூர்ஹெட் தடயங்களை மட்டுமே பார்த்தார். மேற்குப் படித்துறையில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 33 மீட்டர் உயரத்தில் கயிறுகள் வைத்திருந்த பெட்டி நொறுங்கியிருந்தது. இரும்புக் கம்பிகள் வளைந்திருந்தன. 15ஆம் தேதி காலை 9 மணிவரையிலான குறிப்புகள் சிலேட்டில் இருந்தன. அன்று பிற்பகல் கயிறுகளைப் பத்திரப்படுத்தப் போனபோது பேரலை ஒன்று அடித்துச் சென்றிருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். மெக்ஆர்தரின் மேல்கோட்டு மட்டும் உள்ளேயே இருந்தது. அந்தக் குளிரில் வெறும் சட்டையோடு அவர் ஓடியிருக்கிறார். எதற்காக என்று சொல்ல யாரும் மிஞ்சவில்லை.

டுகாட்டையும் மார்ஷலையும் அந்த வேலைக்குப் பரிந்துரைத்தவரே ம்யூர்ஹெட்தான். டிசம்பர் 7 அன்று தீவுக்குப் போய், அவர்களோடு கடைசியாகக் கைகுலுக்கி விடைபெற்றவரும் அவரே. அதையும் அறிக்கையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

1971இல் அந்த விளக்கு தானியங்கியானது. இப்போது அங்கே காவலர்கள் இல்லை. நான் இந்தக் கதையைச் சொல்லும்போது நாற்காலியை விட்டுவிடுகிறேன், அந்தக் கைகுலுக்கலைச் சேர்த்துக்கொள்கிறேன்.