ஹெரால்டின் நெற்றியில் எந்தப் பெயர்? ஒரு மோனோகிராமின் வரலாறு

சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைச் சீரமைக்க முனைவோர் ஒரு கட்டத்தில் சிறிய கேள்வி ஒன்றை எதிர்கொள்கின்றனர். பானட்டின் முகப்பில் எந்தப் பெயரைப் பொருத்துவது? உதிரிபாகக் கடைகள் ‘மோனோகிராம்’ என்றழைக்கும் இந்தப் பெயர்ச்சின்னங்களில் இந்திய வடிவம் இன்று எளிதில் கிடைப்பதில்லை. அதே கார் பிரிட்டனில் ‘டிரையம்ஃப் ஹெரால்டு’ என விற்பனையானது; அதற்கான உதிரிபாகங்கள் அங்கே இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றை வரவழைத்துப் பொருத்திவிட்டால் வண்டி தன் ‘அசல்’ நிலைக்குத் திரும்பிவிடும் எனப் பலரும் கருதுகின்றனர். அக்கருத்து வரலாற்றுப்படியும் சொல்லாய்வுப்படியும் பிழையானது என்பதே இப்பதிவின் வாதம்.

முதலில் ‘ஸ்டாண்டர்டு’ என்னும் பெயர். ரெஜினால்டு மாட்ஸ்லே 1903இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தைத் தொடங்கினார். சோதித்து நம்பகமெனத் தேறிய உறுப்புகளால் ஆன வண்டி என்பதே அப்பெயரால் அவர் உணர்த்த விரும்பியது. அதாவது, தரம் என்னும் பொருள். ஆனால் அதே ஆங்கிலச் சொல்லுக்குப் படைக்கொடி என்னும் பழம்பொருளும் உண்டு. நிறுவனம் பின்னாளில் இந்த இரண்டாம் பொருளையே பற்றிக்கொண்டது. 1930களின் ஸ்டாண்டர்டு கார்களில் பிரிட்டன் தேசியக்கொடியின் வடிவமே சின்னமாயிற்று. போருக்குப் பின் வந்த கார்களின் பெயர்களை அடுக்கிப் பாருங்கள்: வான்கார்டு, என்சைன், பென்னன்ட். வான்கார்டு என்பது தூசிப்படை. என்சைன், கப்பலின் கொடி. பென்னன்ட், கூர்ந்து முடியும் சிறுகொடி. அனைத்தும் கொடியும் படையும் சார்ந்த ஒரே சொற்புலத்தைச் சேர்ந்தவை.

இவ்வரிசையில் ‘ஹெரால்டு’ என்னும் சொல்லை வைத்தால் அது இயல்பாகப் பொருந்துகிறது. ஹெரால்டு என்பவன் கட்டியங்காரன்; கொடிக்கு முன்னே சென்று அரசன் வரவை அறிவிப்பவன். அந்தக் கார் முதலில் ஸ்டாண்டர்டு பெயரிலேயே வெளிவரவிருந்தது என்னும் கருத்துக்கு இப்பெயரே சான்றாகக் காட்டப்படுகிறது. ஆனால் 1959 ஏப்ரலில் அது பிரிட்டனில் அறிமுகமானபோது டிரையம்ஃப் ஆகிவிட்டிருந்தது. டிரையம்ஃப் நிறுவனத்தை ஸ்டாண்டர்டு 1944இலேயே வாங்கியிருந்தது. விலைக்கு வாங்கப்பட்ட பெயர் வாங்கியவரின் பெயரை விழுங்கியதற்குக் காரணம் ஒரு சொல்லின் பொருள் தேய்ந்ததே. நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘உயர்தரம்’ என்று ஒலித்த ‘ஸ்டாண்டர்டு’, 1950களின் பிரிட்டனில் ‘சாதாரணம், கூடுதல் வசதிகள் அற்றது’ என்று ஒலிக்கத் தொடங்கியது. ‘டீலக்ஸ்’ என்பது உயர்ந்ததாயின், ‘ஸ்டாண்டர்டு’ அதற்குக் கீழே நிற்பது. மொழியியலார் இழிபொருட்பேறு என வழங்கும் மாற்றம் ஒரு வணிகப் பெயரையே அழித்தது. 1963இல் அப்பெயர் பிரிட்டனின் கார்களிலிருந்து மறைந்தது.

இந்தியாவில் அது மறையவில்லை. 1948இல் யூனியன் கம்பெனி (மோட்டார்ஸ்) நிறுவனத்தின் கூட்டுறவில் அமைந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வான்கார்டில் தொடங்கி டென், பென்னன்ட் ஆகியவற்றையும், 1961 முதல் ஹெரால்டையும் சென்னையில் உருவாக்கியது. நம் பேச்சில் ‘ஸ்டாண்டர்டு’ என்பது அன்றும் இன்றும் உயர்வையே குறிக்கிறது. ‘அதில் ஸ்டாண்டர்டு இல்லை’ என்றால் தரம் குறைந்தது என்று பொருள். பிரிட்டனில் பொருள் தேய்ந்த சொல் இங்கே பொருள் குன்றாமல் வாழ்ந்தது. எனவே கொடியும் கட்டியங்காரனும் ஒரே வண்டியின் நெற்றியில் சேர்ந்து நின்றது கவென்ட்ரியில் அன்று, வண்டலூரில்தான். இந்தியச் சின்னத்தைப் பிரிட்டன் சின்னத்தின் மலிவான போலி என்பது எவ்வளவு தவறு என்பதை இதுவே காட்டும்.

ஒரே சொல் இரண்டு நிலங்களில் இரண்டு பொருளோடு வாழ்வதற்குத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. திருவனந்தபுரத்தில் திவான் ராஜா கேசவதாஸ் அமைத்த சாலைக் கடைத்தெருவையும், அதையொட்டிய ஆரியசாலையையும் எடுத்துக்கொள்ளுங்கள். தலைமுறைகளாகத் தமிழ் வணிகர் வாழும் பகுதி இது. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருபவர் ‘சாலை’ என்றதும் தெரு என்றே கொள்வார். ஆனால் அருகிலுள்ள வலியசாலையோடு ஆய்வாளர் தொடர்புபடுத்தும் காந்தளூர்ச் சாலை தெரு அன்று; கல்வி நிலையம். குமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் அதை முன்மாதிரியாகக் கொண்டே 95 சட்டர்களுக்கு ஒரு சாலை நிறுவினான். ‘சாலை’க்கு இன்றைய பொருளை ஏற்றி அன்றைய பெயரைப் படித்தால் ஒரு கல்விமரபே கண்ணிலிருந்து மறையும். ஹெரால்டின் மேல் டிரையம்ஃப் சின்னத்தைப் பொருத்துவதும் இத்தகைய தவறான வாசிப்பே.

சரியான சின்னத்தைக் கண்டறிவது எப்படி? கல்வெட்டாய்வில் பின்பற்றும் ஒழுங்கே இங்கும் பொருந்தும். முதற்சான்று வண்டியின் உடலே. சின்னங்களின் பின்புறத்து ஊசிகள் தகட்டில் இட்ட துளைகளில் பொருந்துபவை. மறுபூச்சுக்கு முன் பழைய வண்ணத்தைச் சுரண்டினால் துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் தெரியும். அடைக்கப்பட்ட துளையும் பானட்டின் உட்புறத்தில் தடம் விட்டிருக்கும். இரண்டாம் சான்று சேஸிஸ் எண் பொறித்த தகடு. அது எந்த மார்க் வரிசை என்பதை உறுதிசெய்யும். மூன்றாவது, அவ்வரிசைக்குரிய உதிரிபாகப் பட்டியலும் விற்பனை விளம்பரமும். நான்காவது, அக்காலத்துப் புகைப்படங்கள். திருவனந்தபுரத்துப் பழைய படங்களில் ‘கே.எல்.டி.’ எனத் தொடங்கும் பதிவெண் தெரிந்தால், அந்தப் பதிவு கேரள மாநிலம் உருவான 1956 நவம்பருக்கும், புதிய பதிவெண் முறை வந்த 1989க்கும் இடைப்பட்டது எனலாம்.

இவ்வரிசை முறை ஏன் தேவை என்பதற்கு 1968இல் வந்த மார்க் 3 ஓர் எடுத்துக்காட்டு. அது நான்கு கதவுகள் கொண்டது. பிரிட்டனில் நான்கு கதவு ஹெரால்டு தயாரிக்கப்படவே இல்லை. குடும்பமாகப் பயணம் செய்யும் இந்திய வாடிக்கையாளரின் தேவைக்கென இங்கே உருவான வடிவம் அது. அதன் மேல் டிரையம்ஃப் சின்னத்தைப் பொருத்துவோர் உலகில் எங்கும் இருந்திராத ஒரு காரை உண்டாக்குகின்றனர். அம்பாசடரின் முகப்பில் மாரிஸ் நிறுவனத்தின் எருதுச் சின்னத்தைப் பொருத்துவதும் இத்தகையதே. அதன் மூலம் மாரிஸ் ஆக்ஸ்ஃபர்டு மூன்றாம் வரிசை என்பது உண்மை. ஆனால் 1957 முதல் 2014 வரை உத்தர்பாராவில் உருவானது இந்துஸ்தான் அம்பாசடர்.

ஒரு மறுப்பையும் கருத வேண்டும். உரிமையாளர் செய்த மாற்றங்களும் ஒரு பொருளின் வரலாற்றில் அடங்கியவை அல்லவா? ஆம். 1970இல் ஒருவர் தம் ஹெரால்டில் டிரையம்ஃப் சின்னத்தை மாட்டியிருந்தால், அது அக்காலத்து விருப்பத்தின் சான்று. அதை அகற்றாமல் பதிவுசெய்வதே முறை. சான்றே இல்லாத இடத்தில் இன்று புதிதாக ஒன்றைப் பொருத்தி அதை ‘அசல்’ என அழைப்பது வேறு. முன்னது ஓலையின் ஓரத்தில் பழைய வாசகர் எழுதிய குறிப்பு. பின்னது பதிப்பாசிரியர் நுழைத்த இடைச்செருகல்.

சிறு உலோகத்துண்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா எனக் கேட்கலாம். ஹெரால்டுக்குப் பின் 1972இல் கெசல் வந்தது; 1977இல் அதுவும் நின்றது. 1985இல் ரோவர் காரின் உடலோடு வந்த ஸ்டாண்டர்டு 2000 மூன்றாண்டுகளே நீடித்தது. ஆலை இன்று இல்லை. அங்கே தகடு வளைத்தோரும் எஞ்சின் பூட்டியோரும் எழுதி வைத்த வரலாறு நம்மிடம் மிகக் குறைவு. அவர்கள் உழைப்பு எந்தப் பெயரில் உலகுக்குச் சென்றது என்பதைச் சொல்வது அந்தச் சின்னம்தான். அதைக் கழற்றிவிட்டு மேலான பெயரென்று எண்ணி இன்னொன்றை மாட்டும்போது, சென்னையின் தொழில் வரலாற்றில் ஒரு வரி அழிகிறது.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பப் படத்தொகுப்புகளில் ஸ்டாண்டர்டு கார்கள் இருந்தால் முகப்பு, டிக்கி, பதிவெண் ஆகியன தெரியும் படங்களைப் பாதுகாத்து, ஆண்டும் ஊரும் குறித்து வையுங்கள். பின்னால் வரும் ஆய்வாளருக்கு அவையே கல்வெட்டு.