பெரும் பூட்டும் எழுதப்படாத ஒப்பந்தமும்

திறந்தமூல யூனிக்ஸ் வகை இயங்குதளங்கள் பல செயலிகளைக் கையாளக் கற்ற வரலாற்றை ஓட்டப்பந்தயம்போலச் சொல்வது வழக்கம். லினக்ஸ் 2.0 1996 ஜூனிலேயே பல்செயலி ஆதரவோடு வந்தது. ஃப்ரீபிஎஸ்டி 3.0 1998 அக்டோபரில் வந்தது. ஓப்பன்பிஎஸ்டி 3.6 வர 2004 நவம்பர் ஆயிற்று. இந்தத் தேதிகளை மட்டும் வைத்து மதிப்பிடுவது மேலோட்டமானது. எந்தப் பூட்டு எந்தத் தரவைக் காக்கிறது என்பதை யார், எப்போது எழுதிவைத்தார்கள் என்பதே சரியான அளவுகோல் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மூன்றும் தொடங்கிய இடம் ஒன்றுதான்: கெர்னல் முழுமைக்கும் ஒரே பூட்டு. லினக்ஸில் அது ‘பிக் கெர்னல் லாக்’, ஃப்ரீபிஎஸ்டியில் ‘ஜயன்ட்’. ஒரு செயலி உள்ளே இருந்தால் மற்றவை வெளியே காத்திருக்கும். இதைச் சோம்பேறித்தனம் என்று ஏசுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒற்றைச் செயலியை நம்பி எழுதிய சாதன இயக்கிகளில் பெரும்பாலானவற்றைத் திருத்தாமலே இயக்க அந்த ஏற்பாடு இடம் கொடுத்தது. கணக்கீட்டிலேயே நேரத்தைச் செலவிடும் நிரல்களுக்கு இரண்டாம் செயலியின் பயன் ஏறக்குறைய முழுதாகக் கிடைத்தது. கெர்னலுக்குள் அடிக்கடி நுழையும் வலைச் சேவையகங்கள்தான் திணறின.

சிக்கல் அந்தப் பூட்டின் குணத்தில் இருந்தது. வைத்திருப்பவரே அதை மறுபடியும் போடலாம். வைத்திருக்கும் பணி உறங்கப் போனால் கெர்னலே அதை விடுவித்து, விழித்ததும் திரும்பப் பிடித்துக் கொடுக்கும். இயக்கி எழுதியவர் இந்தச் சலுகைகளைத் தம்மையறியாமலே நம்பியிருப்பார். எதைக் காக்கப் பூட்டினோம் என்று குறித்திருக்க மாட்டார். 2008இல் லினக்ஸின் செமஃபோர் (காத்திருக்கும் பணியை உறங்கவைக்கும் பூட்டுவகை) நிரலை எளிமையாக்கி எழுதியபோது, சம்பந்தமே இல்லாததுபோல் ஏஐஎம்7 செயல்திறன் சோதனையில் வேகம் ஏறத்தாழ 40 சதவீதம் சரிந்தது. அப்போது பெரும் பூட்டு செமஃபோர் மீதே கட்டப்பட்டிருந்ததுதான் காரணம். அதைப் பழைய சுழல்பூட்டாகவே மாற்ற வேண்டியதாயிற்று. அந்தப் பூட்டு முற்றாக நீங்கியது 2011 மே மாதம் வெளியான 2.6.39இல்தான்.

ஃப்ரீபிஎஸ்டி 2000இல் வேறு வழியில் இறங்கியது. பிஎஸ்டிஐ நிறுவனம் தந்த நிரலை முன்மாதிரியாகக் கொண்டு பூட்டுகளை நுணுக்கமாகப் பிரித்தது. குறுக்கீடுகளைத் தனி இழைகளாக்கியது. 2003 ஜனவரியில் வந்த 5.0ஐ நம்பி உற்பத்திக் கணினிகளில் நிறுவத் துணிந்தவர்கள் குறைவு. 2004 நவம்பரின் 5.3 வரை 4 வரிசையே பலருக்கு அடைக்கலம். ஃப்ரீபிஎஸ்டி நிரலாளர் மாத்யூ டில்லன் 4.8இலிருந்து பிரிந்து டிராகன்ஃப்ளை பிஎஸ்டியைத் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான். ஃப்ரீபிஎஸ்டி எல்லா மாற்றங்களையும் ஒரே கிளையில் குவித்தது தவறு என்ற விமர்சனம் நியாயமானது.

ஆனால் ஃப்ரீபிஎஸ்டியின் பிராசஸ் தலைப்புக் கோப்பைத் திறந்து பாருங்கள். தரவமைப்பின் உறுப்புகளுக்கு எதிரே அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்து நிற்கிறது. ‘பி’ என்றால் பிராசஸ் பிறக்கும்போது அமைந்து, பின் மாறாதது. ‘சி’ என்றால் பிராசஸின் சொந்தப் பூட்டு காப்பது. குறிப்பை மனிதர் மறக்கலாம் என்பதால், பூட்டு கையில் இருக்கிறதா என்று நிரலே ஓட்டத்தில் கேட்கும் உறுதிச் சோதனைகளும், பூட்டும் வரிசை பிசகினால் எச்சரிக்கும் ‘விட்னஸ்’ கருவியும் இருந்தன. லினக்ஸில் இதற்கு இணையான ‘லாக்டெப்’ 2006இல் 2.6.18உடன்தான் வந்தது.

லினக்ஸின் கோப்பமைப்பு அடுக்குக்கும் பூட்டு விதிகளைச் சொல்லும் ஆவணம் இருந்ததே என்று மறுக்கலாம். உண்மை, அது என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. பெரும் பூட்டு கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தவற்றில் முனையங்களைக் கையாளும் டிடிஒய் அடுக்கும் சாதனங்களைக் கட்டுப்படுத்தும் ஐஆக்டில் அழைப்புகளும் முக்கியமானவை. எண்ணற்ற இயக்கிகள் அவரவர் பாணியில் எழுதிய, விதி குறிக்கப்படாத பகுதிகள் அவை.

மெதுவாக நகரும் ஓப்பன்பிஎஸ்டியிலும் இதே குறிமுறை உண்டு. அங்கே ‘கே’ என்று குறித்த உறுப்பு இன்னும் கெர்னல் பூட்டின் காவலில் இருக்கிறது என்று பொருள். மிச்சமுள்ள வேலை எங்கே என்று தேட, அந்த நிரலை முதன்முறை படிப்பவருக்கும் அந்த எழுத்து போதும்.