கணக்கில் வராத கூற்றுவன்

கொள்ளைநோய் வந்தால் ஊர் அறியும். வெள்ளம் வந்தால் நாடு அறியும். கெட்ட காற்றும் கடுவெயிலும் உயிரைக் கவர்ந்தால் அதனை அறிவார் இலர். மரணப் பதிவேட்டில் மாரடைப்பு என்றோ, மூச்சிரைப்பு என்றோ, முதுமை என்றோ எழுதிவிடுகிறோம். மெய்யான கூற்றுவனின் பெயர் அதில் ஏறுவதில்லை. அவனை மனிதர் அடையாளம் கண்ட வரலாற்றில் இரு நகரங்களுக்குச் சிறப்பிடம் உண்டு.

முதலாவது இலண்டன். 1952 டிசம்பர் 5 அன்று அந்நகரை மூடுபனி கவிந்தது. காற்று அசையவில்லை. குளிர்காய வீடுதோறும் மூட்டிய நிலக்கரியின் புகையும், தொழிற்சாலைகளின் புகையும் மேலெழ வழியின்றிப் பனியோடு கலந்து தெருவிலேயே தங்கின. கந்தகம் செறிந்த அப்புகைப்பனி 9ஆம் தேதி வரை நீடித்தது. மூடுபனி இலண்டனுக்குப் பழகிய விருந்தாளி. ஆதலால் பலர் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. மரணப் பதிவுகளை வழக்கமான நாட்களின் பதிவுகளோடு ஒப்பிட்டபோதே, சுமார் 4,000 பேர் மிகுதியாக இறந்தமை வெளிப்பட்டது. பிற்கால ஆய்வாளர் சிலர் அத்தொகையைச் சுமார் 12,000 என மதிப்பிட்டனர். 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது.

நிலக்கரி எரியும்போது புகையோடு கரியமில வாயுவும் வெளிப்படுகிறது. அது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் வானில் தங்கி, பூமியின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. நுரையீரலைக் கெடுக்கும் புகையும், உலகைச் சூடேற்றும் வாயுவும் ஒரே அடுப்பில் பிறந்த இரட்டையர். பின்னவரின் வேலையால் அனல்நாட்கள் பெருகி வருகின்றன.

அவ்வனலின் கணக்கை எடுத்துக் காட்டிய நகரம் அகமதாபாத். ஆலைத் தொழிலை நாடிச் சென்ற தமிழர் பலர் குடியேறிய ஊர் அது. 2010 மே மாதத்தில் அங்கு வெப்பம் 46.8 பாகை செல்சியஸை எட்டியது. 2009, 2011 ஆகிய ஆண்டுகளின் மே மாதங்களோடு ஒப்பிட்ட ஆய்வாளர், அவ்வொரு மாதத்தில் 1,344 பேர் மிகுதியாக மாண்டனர் எனக் கண்டனர். அதன்பின் 2013இல் மாநகராட்சி வெப்பத் தடுப்புத் திட்டம் வகுத்தது. தெற்காசியாவில் அதுவே முதலாவது. முன்னெச்சரிக்கை அறிவிப்பு, தண்ணீர்ப் பந்தல், மருத்துவருக்குப் பயிற்சி ஆகியவை அதில் இடம்பெற்றன. கூரைகளுக்கு வெள்ளை பூசும் பணியும் பின்னர் சேர்ந்தது. அந்நகரின் மருத்துவமனை ஒன்றில், மேல்மாடியில் இருந்த மகப்பேற்றுப் பிரிவைக் கீழ்த்தளத்திற்கு மாற்றினர். வெப்பத்தால் நோயுற்ற சிசுக்களின் எண்ணிக்கை குறைந்தது. பெருஞ்செலவு இல்லாத பரிகாரம். ஆனால், அவ்வனலைக் கண்ட பின்னரே அது தோன்றியது.

பிற மாநிலங்களில் வாழும் நாம், தில்லியின் பனிக்காலப் புகையையும் வடநாட்டு வெயிலையும் ‘இவ்வூர்ப் பருவம் இப்படித்தான்’ என்று சொல்லிப் பழகிவிடுகிறோம். இலண்டன் மாந்தரும் அவ்வாறே பழகியிருந்தனர். எச்சரிக்கைகள் இப்போது முன்கூட்டியே வருகின்றன. ஆனால் பெரும்பாலும் அவ்வவ்வூர் மொழியில் வருகின்றன. ஊரிலிருந்து வந்து நம்மோடு தங்கியிருக்கும் முதியோர் அம்மொழி அறியார். அறிவிப்பைத் தமிழில் அவர்கள் செவிக்குக் கொண்டு சேர்ப்பது நம் பொறுப்பு.