நீலகிரித் தைலம்

நீலகிரித் தைலம் என்பது யூகலிப்டஸ் மரத்தின் இலைகளைக் காய்ச்சி வடிக்கும் நறுமண எண்ணெய் ஆகும். சளி, தலைவலி, மூட்டுவலி என்றால் தமிழக வீடுகளில் பலர் முதலில் தேடும் புட்டி இதுவே. பெயரில் நீலகிரி இருப்பதால் இதைப் பழந்தமிழ் மருந்துகளுள் ஒன்றாகக் கருதுவோர் உண்டு. அது சரியன்று. மரத்தின் தாயகம் ஆஸ்திரேலியா.

அங்குள்ள பழங்குடி மக்கள் இதன் இலைகளைப் புண்ணுக்கும் காய்ச்சலுக்கும் பயன்படுத்தி வந்தனர். 1788-இல் ஆங்கிலேயரின் முதல் குடியேற்றக் கப்பல்களோடு சென்ற மருத்துவர் ஜான் ஒயிட், இலையிலிருந்து எடுத்த எண்ணெயை இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1850-களில் விக்டோரியாவில் ஜோசப் பொசிஸ்டோ என்ற மருந்தாளர் அதை வணிகப் பொருளாக்கினார்.

நீலகிரிக்கு இம்மரம் 1843-இல் வந்தது. மருந்துக்காக அல்ல, விறகுக்காக. குளிரில் வாழ்ந்த ஆங்கிலேயர்களுக்கும் படை முகாமுக்கும் எரிபொருள் தேவைப்பட்டது, சோலைக்காடுகள் அழிந்துகொண்டிருந்தன. விரைவில் வளரும் இம்மரத்தை மலைப் புல்வெளிகளில் நட்டார்கள். அந்தப் புல்வெளிகளின் இழப்பு இன்றும் ஈடுசெய்யப்படவில்லை.

அக்காலத்தில் இதற்குக் ‘காய்ச்சல் மரம்’ என்றும் பெயர் இருந்தது. கெட்ட காற்றால் மலேரியா வருகிறது என்று நம்பிய ஐரோப்பியர், இம்மரத்தின் மணம் காற்றைத் தூய்மையாக்கும் என்று எண்ணி, இத்தாலியிலும் அல்ஜீரியாவிலும் சதுப்பு நிலங்களில் நட்டனர். சில இடங்களில் காய்ச்சல் குறைந்ததாகச் சொல்லப்பட்டது. குறைந்திருந்தால் அதற்குக் காரணம் மணமன்று. மரம் நீரை உறிஞ்சியதால் கொசு முட்டையிடும் தேக்கங்கள் வற்றியிருக்க வேண்டும். கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்ட் ராஸ் 1897-இல்தான் செகந்திராபாத்தில் கண்டறிந்தார். மலேரியாவுக்கு உண்மையான மருந்தான குயினைனைத் தரும் சிங்கோனா மரமும் 1860-களில் இதே நீலகிரியில், தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும், பயிரிடப்பட்டது. அதை இன்று பலர் அறியார். பெயர் நின்றது தைலத்துக்கே.

தைலம் காய்ச்சுவது எளிய தொழில். ஓடைக்கரையில் ஒரு கொட்டகை, பெரிய கொப்பரை, நீருக்குள் செல்லும் குழாய் ஆகியவை போதும். இலையும் நீரும் கொதிக்க, எழும் ஆவி குழாயில் குளிர்ந்து சொட்டும். எண்ணெய் நீரின்மேல் மிதக்கும். காய்ச்சி முடித்த இலையை உலர்த்தி அதே அடுப்பில் எரிப்பார்கள். நூறு கிலோ இலைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எண்ணெய் கிடைக்கும்.

இதன் முதன்மைப் பொருள் சினியோல். மருந்துத் தர எண்ணெயில் அது 70 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. மூக்கடைப்பு நீங்கிய உணர்வைத் தருவதும் அதுவே. ஆனால் அது சளிக்குக் காரணமான கிருமியைக் கொல்வதில்லை. நொச்சி இலை போட்டு வேது பிடிப்பது நம் மக்களிடம் முன்பே இருந்த வழக்கம். அந்தக் கொதிநீரில் நொச்சிக்குப் பதில் நான்கு சொட்டுத் தைலம் விழுந்தது. புதிய மருந்து பழையதாகத் தோன்ற இதுவும் ஒரு காரணம்.

இதைக் குடிக்கக் கூடாது. சிறு குழந்தை ஒரு தேக்கரண்டி விழுங்கினாலே வலிப்பும் மயக்கமும் வரலாம். கைக்குழந்தையின் மூக்கருகே தடவுவதும் மூச்சுத்திணறலை உண்டாக்கக்கூடும்.