சாரல்

சாரல் என்பது மலைச்சரிவையும், காற்றோடு சாய்ந்து விழும் நுண்மழையையும் குறிக்கும் பெயர்ச்சொல். தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்தில் ஆனி, ஆடி மாதங்களில் நாள்தோறும் பேச்சில் அடிபடும் இச்சொல், அணைதல் என்னும் பொருளுடைய ‘சார்’ என்ற பகுதியோடு ‘அல்’ என்ற தொழிற்பெயர் விகுதி சேர்ந்து பிறந்ததாகும்.

சங்கப் புலவர்கள் இதனை மலைப்பக்கம் என்ற அர்த்தத்திலேயே பெரிதும் பிரயோகித்தனர். குறிஞ்சித் தலைவன் ‘சாரல் நாடன்’ எனப்பட்டதும் அதனாலேயே. குறுந்தொகை 69-ஆம் செய்யுளில், நள்ளிரவில் வரவேண்டாவெனத் தோழி தலைவனைத் தடுக்குமிடத்து, ‘சாரல் நாட’ என்னும் விளியை அடுத்து ‘வாரல்’ என்ற சொல்லைக் கடுந்தோட் கரவீரன் அமைத்திருப்பது இலக்கணம் பயில்வோர் கூர்ந்து நோக்கத்தக்கது. ஈறு ஒன்றேயாயினும், முன்னதில் பெயராக்கும் ‘அல்’, பின்னதில் ‘வாராதே’ என விலக்கும் எதிர்மறை விகுதியாகிறது.

சரிவின் பெயர் அங்கிருந்து வரும் மழைக்கு ஆயிற்று என்று, இதனை இடவாகுபெயராகக் கொள்வதே பொருத்தமெனத் தோன்றுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் நீர்ப்பாரத்தில் பெரும்பகுதியைக் கேரளப் புறத்திலேயே இறக்கிவிட, எஞ்சிய ஈரம் ஆரியங்காவுக் கணவாய் வழியாகவும் திரிகூட மலையின் முகடுகளைத் தாண்டியும் கிழக்கே புகுந்து, ஒருபுறம் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே, தோளிற் கிடக்கும் துண்டு நனைந்தும் நனையாமலும் இருக்குமளவுக்கு மெல்லியதாய் விழுவதைக் குற்றாலத்தில் நின்று கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும்.

மழை பெய்யும், தூறல் போடும், சாரலோ அடிக்கும். காற்றின் பங்கை இவ்வினைமுடிபு சொல்லாமற் சொல்கிறது. ‘சாரல் அடிக்கு’ என்பது நெல்லை வழக்கு. மலையே இல்லாத ஊர்களிலும், திண்ணையை நனைக்கும் மழைச்சிதறலைச் சாரல் என்பர். அங்கே பழைய பொருள் அறவே நீங்கிவிட்டது. நன்னூல் விதிப்படி மழையோடு புணருங்கால் ‘சாரன்மழை’ என்றாக வேண்டுமாயினும் அவ்வாறு எழுதுவார் இன்று அரியர். ‘மலைச்சாரல்’ மட்டும் சகர ஒற்று மிகுந்தே நிலைபெற்றது.

குற்றாலத்தில் அரசு நடத்தும் சாரல் விழா இப்பெயரைப் பேணிவர, கடைவீதியிலும் பத்திரிகைகளிலும் ‘சீசன்’ என்ற சொல்லே மேலோங்கியிருப்பது வருந்தத்தக்கது. சீசன் எந்த ஊருக்கும் எந்த வியாபாரத்துக்கும் பொருந்தும். மலையையும் அதன் மழையையும் ஒருசேர உணர்த்தும் ஆற்றல் அதற்கில்லை. ஆதலின், இப்பிரதேசத்தார் ‘சாரல் காலம்’ என்றே எழுதியும் பேசியும் இச்சொல்லை வழக்கில் நிறுத்த வேண்டும்.