பழையதும் புதியதும்

1881 ஆணைப்படி சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களை எங்கள் புதுச்சேரியில் ரெனோன்சான் என்போம். 1962 ஆகஸ்ட் 16-இல் நாம் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபின் இந்தியச் சட்டங்கள் வந்தன. ஆனால் அவர்களுக்குப் பழைய சட்டம் நீடித்தது.

1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் லினக்ஸிலும் இதே நியாயத்தைக் காண்கிறேன். மென்பொருளைப் புதுப்பிக்கையில், நாம் தொடாத அமைப்புக் கோப்பைப் பேசாமல் மாற்றிவிடும். நாமும் திருத்தி, புதிய பதிப்பிலும் மாற்றம் வந்திருந்தால், "எது வேண்டும்?" என்று கேட்கும். வெறுமனே என்டர் தட்டினால் நம்முடையதே நிற்கும். புதியது வேறு பெயரில் பக்கத்திலேயே இருக்கும்.

ஆனால் கண்ணை மூடித் தட்டாதீர்கள். புதியதில் அவசியமான பாதுகாப்புத் திருத்தம் இருக்கலாம். முதலில் 'டி' எழுத்தை அழுத்தி இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கோப்புகளோடு காலம் தள்ளியவன் சொல்கிறேன்: படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.